மில்லிலிருந்து வந்த ஊதா விளக்கு

நம் பள்ளிக்கூடக் குரூப்பில் போன வாரம் ஒருத்தி ஒரு விளக்கின் படம் போட்டிருந்தாளே, பார்த்தீர்கள்தானே? வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், தினம் பத்து நிமிஷம் முன்னால் உட்கார்ந்தால் போதும், வைட்டமின் டி ஏறும், தோலில் இருக்கிற வெள்ளை போகும், அரிப்பு போகும் என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தது. வாங்கலாமா என்று கேட்டிருந்தாள். ஆளாளுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தீர்கள். நான் மட்டும் பதில் போடவில்லை. அவள் தனியாக வேறு என்னைக் கூப்பிட்டு, உனக்குத்தானே இதைப் பற்றித் தெரியும், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

ஒரு வார்த்தையில் சொல்ல முடிகிற விஷயம் என்றால் சொல்லியிருக்க மாட்டேனா? நமக்கெல்லாம் நாற்பத்தைந்தை நெருங்குகிறது. முட்டி வலிக்கிறது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் வைட்டமின் டி இல்லை என்று எழுதித் தருகிறார்கள். வருஷத்தில் பத்து மாதம் வெயில் காய்கிற ஊரில் இருந்துகொண்டு விளக்கு வாங்குகிறோம். வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார். டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள், அவ்வளவுதான். ஆனால் எனக்கு அந்த ஊதா வெளிச்சத்தைக் கண்டாலே சந்தேகம் வரும். விளக்கின் மேல் இல்லை, அதைப் போடுகிறவர்கள் மேல், அணைக்கிறவர்கள் மேல்.

என்னை உங்களுக்குத் தெரியும். கண்ணைச் சுற்றி, உதட்டோரம், இரண்டு கைகளிலும் வெள்ளை. நீங்கள் யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் கேட்டதில்லை, அதற்கு நன்றி. ஏழாம் வகுப்புப் படிக்கும்போது இதெல்லாம் இல்லை. வலது முழங்காலுக்குக் கீழே ஒன்றே ஒன்று, ஐம்பது பைசா அளவுக்கு. தேமல் என்று அம்மா எதையெதையோ அரைத்துப் பூசிப் பார்த்தாள். அது பாட்டுக்கு வளர்ந்து எலுமிச்சை இலை அளவுக்கு வந்துவிட்டது.

அப்போது நாங்கள் பல்லடத்தில் வரிசை வீடு ஒன்றில் குடியிருந்தோம். இரண்டு பக்கமும் விசைத்தறி. பேச வேண்டுமென்றால் கத்தித்தான் பேச வேண்டும். கரண்ட் போனால் தறி நின்றுவிடும், பேசிக்கொண்டிருந்தவர்களும் திடுக்கென்று வாயை மூடிக்கொள்வார்கள். அப்பா கோயமுத்தூர் ரோட்டில் ஒரு நூல் மில்லில் பேக்கிங் சூப்பர்வைசர். அவர் அப்பாவும் அதற்கு முந்தினவர்களும் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். பேன்ட் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் அப்பாதான். அந்தப் பேன்ட்டைத் தினமும் அவரே தேய்த்துப் போட்டுக்கொள்வார், அம்மாவை நம்பிக் கொடுக்க மாட்டார்.

வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்புறம் அத்தை. அத்தை அப்பாவின் தங்கை. பெற்றவர்கள் இருவரும் போன பிறகு அண்ணன் வீட்டிலேயே வளர்ந்தவள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தாள், கல்யாணப் பேச்சு எடுத்ததும் அப்பா நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டிலேயே அத்தைதான் நல்ல சிவப்பு. வாய் ஓயாமல் பேசுவாள். என்னைப் பக்கத்தில் போட்டுக்கொண்டுதான் தூங்குவாள். என் காலில் இருந்த வெள்ளையை யோசிக்காமல் தொட்ட ஒரே ஆள் அவள். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் சொல்லப் போவதைக் கேட்டு நீங்கள் அவளை மொத்தமாகத் தப்பாக நினைத்துவிடக் கூடாது.

பங்குனி மாதம் என்று நினைக்கிறேன், அப்பா என்னைக் கோயமுத்தூருக்குத் தோல் டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் ஜன்னலைச் சாத்தி, லைட்டை அணைத்துவிட்டு, கையில் பிடிக்கிற சின்ன விளக்கு ஒன்றை என் காலருகே கொண்டுவந்தார். ஊதா வெளிச்சம். என் காலில் இருந்த வெள்ளை, நீலமும் வெள்ளையுமாகப் பளிச்சென்று எரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவுக்கோ முகமெல்லாம் மலர்ச்சி. "இது எங்க மில்லுல இருக்கற லைட்டுங்க" என்றார்.

டாக்டர் பொறுமையானவர். இது தொட்டால் ஒட்டுகிற வியாதி இல்லை, உயிருக்கு ஒன்றும் செய்யாது என்றார். குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார், இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரலாம் என்றும் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் பெட்டி மாதிரி ஒரு மெஷினில் நிற்க வைத்து வெளிச்சம் காட்டுவார்களாம். சின்னப் பெண் என்பதால் இப்போதைக்கு ஒரு மருந்துத் தண்ணீர், அதைத் தொட்டு வைத்துவிட்டுக் காலை வெயிலில் ரெண்டு நிமிஷம், மூன்று நிமிஷம் நிற்க வேண்டும், அதற்கு மேல் கூடாது என்றார். இவ்வளவும் அவர் சொன்னார், எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்பா காதில் விழுந்தது வெளிச்சம் என்கிற ஒரு சொல்தான்.

மில்லில் அந்த விளக்கு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன், உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். நூல் சுற்றின கோன்களைப் பெட்டியில் போடுவதற்கு முன்னால் இருட்டறையில் அந்த விளக்குக்குக் கீழே அடுக்கிப் பார்ப்பார்கள். பகலில் எல்லாம் ஒரே வெள்ளையாகத்தான் தெரியும். ஊதா வெளிச்சத்தில் வேறு பஞ்சில் நூற்ற வேறு லாட் கோன் ஒன்று கலந்திருந்தால் அது மட்டும் தனியாகத் தெரிந்துவிடும். அதை எடுக்காமல் விட்டால் துணி சாயம் போடும்போது பட்டை விழும், வாங்கினவர்கள் சண்டைக்கு வருவார்கள். அப்பா அதில் கெட்டிக்காரர். அறை வாசலில் நின்றபடியே, மூணாவது வரிசையில் அந்தக் கோனை எடு என்பாராம். அவர் பேச்சில் எப்போதும் அந்தப் பெருமை இருக்கும்.

அதனால் டாக்டர் பார்ப்பதற்கு வைத்திருந்த விளக்கும் வைத்தியத்துக்கான விளக்கும் வேறு வேறு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஊதா வெளிச்சம் என்றால் மில்லில் ஒரே விளக்குதான். ஸ்டோரில் சொல்லி, கழற்றிப் போட்டிருந்த ஒரு பழைய ட்யூப்லைட் பட்டியை மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ரெண்டடி நீளக் கறுப்பு ட்யூப். நெல்லும் சாமான்களும் வைக்கிற உள் அறையில் மாட்டி, ஜன்னலுக்குச் சாக்குப் போட்டு மறைத்தார்.

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். அப்பா அதற்கு, "பொம்பளைங்க எட்டு மணி நேரம் அதுக்குக் கீழதான் நிக்கறாங்க. ஒருத்திக்காச்சும் ஒண்ணு ஆயிருக்குதா?" என்று கேட்டார். மருந்து போடாமல் நிற்பதும் மருந்து போட்டுக்கொண்டு நிற்பதும் ஒன்றா என்று கேட்க அம்மாவுக்குத் தெரியவில்லை. கண் கெட்டுப் போகுமே என்று மட்டும் விடாமல் சொன்னாள். யாரோ உறவுக்காரர் கண் ஆபரேஷனுக்குப் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியைத் தேடிப் பிடித்து வாங்கி வந்து என் முகத்தில் மாட்டிவிட்டாள். அது மூக்கில் நிற்காமல் வழுக்கும். வழுக்குகிற சாக்கில் நான் மேல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துவிடுவேன்.

சாயங்காலம் ஆறரைக்கு அப்பா மில்லிலிருந்து வந்து முகம் கழுவிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து விளக்கைப் போடுவார். சோக் உர்ரென்று ஒரு சத்தம் போடும். கொஞ்ச நேரத்தில் சூடேறின வார்னிஷ் வாசம் வரும். அத்தை மருந்தைப் பஞ்சில் தொட்டு என் காலில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து கதை பேசுவாள். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் எட்டிப் பார்க்க வரும், அப்பாவே சிரித்துக்கொண்டு உள்ளே விடுவார். பல்லைக் காட்டினால் பல் எரியும். அப்பாவின் பனியன் எரியும். புது நோட்டுப் புத்தகம் எரியும். சோப்புத்தூள் பட்ட கை எரியும், கழுவினால் போய்விடும். என்னென்ன எரிகிறது என்று நான் ஒரு பழைய நோட்டில் எழுதி வைத்தேன். பால் மங்கல், அரிசி இல்லை, சுண்ணாம்புச் சுவர் இல்லை, நகம் கொஞ்சம். நான் அப்படிப்பட்ட குழந்தை. யார் எதைச் சொன்னாலும் தனியாகப் போய்ச் சரிபார்ப்பேன்.

ஒரு நாள் மருந்து கொஞ்சம் அதிகமாகிவிட்டது. அன்றைக்குப் பள்ளியில் மத்தியானம் முழுக்க மைதானத்தில் நிற்க வைத்திருந்தார்கள், அதுவும் சேர்ந்ததோ என்னவோ. மறுநாள் காலில் கொப்புளம். அம்மா அழுதாள், விளக்கை உடைத்துப்போடுவேன் என்றுகூடச் சொன்னாள். அப்பா ஒரு வாரம் நிறுத்திவிட்டு, நேரத்தைப் பாதியாகக் குறைத்து மறுபடி ஆரம்பித்தார். இந்தக் கொப்புளத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் குடும்பத்தில் பின்னால் நடந்ததற்கு இதைத்தான் காரணமாகச் சொல்வார்கள்.

கொப்புளம் ஆறின பிறகு, வெள்ளைக்கு நடுவே ஊசி குத்தினது போல பழுப்பு நிறத்தில் ஒரு புள்ளி. அடுத்த வாரம் மூன்று. அப்புறம் ஏழு. அத்தைதான் முதலில் பார்த்தாள். என் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "அம்மணி, நிறம் வருது பாரு" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். அப்பா மறுபடி மறுபடி குனிந்து எண்ணிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அந்த மனிதரின் சந்தோஷம் உண்மையானது. அதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த நேரத்தில்தான் வெள்ளகோவிலிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறவர். எல்லாம் பேசி முடிந்து எழுந்திருக்கிற நேரம், நான் தண்ணீர்ச் சொம்பு எடுத்துக்கொண்டு போனேன். பாவாடை கொஞ்சம் தூக்கலாக இருந்தது. மாப்பிள்ளையின் தாயார் கண் என் காலில் நின்றுவிட்டது. இது என்னங்க, உங்க குடும்பத்துல யாருக்காச்சும் இருக்குதுங்களா என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

அப்பா யோசிக்கவே இல்லை. "இல்லீங்க. எங்க பக்கம் யாருக்கும் கெடையாதுங்க. இது அவ அம்மா வழி. அவ அம்மாவோட தாய்மாமனுக்குக் கையெல்லாம் வெள்ளைங்க" என்றார்.

அம்மாவின் தாய்மாமனுக்குக் கை வெள்ளைதான். வெல்லம் காய்ச்சும்போது கொதிக்கிற பாகு கொட்டினது. அது அப்பாவுக்கும் தெரியும். அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அது தீக்காயமுங்க என்று ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. சொன்னால் அத்தையின் கல்யாணம் அந்த இடத்திலேயே நின்றுவிடும் என்று அவளுக்கும் தெரியும். வந்தவர்கள் சமாதானமாகிக் காப்பி குடித்தார்கள்.

அப்பா அன்று சொன்னது பொய்யா என்று கேட்டால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் பக்கம் சுத்தம் என்று அவர் மனதார நம்பினார். வேறு வழியாக வந்தது என்றால் அது அம்மா வழியாகத்தானே இருக்க வேண்டும். நாலு பேர் முன்னால் புருஷன் சொன்னதைக் கேட்டுக் கேட்டு அம்மாவுக்கே அது உண்மை என்று ஆகிவிட்டது. தாய்மாமன் கையில் இருந்தது வெறும் தீக்காயம்தானா என்று அவளே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள்.

மாரியம்மன் நோம்பியும் கல்யாணமும் அடுத்தடுத்து வந்ததால் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். உள் அறைக்கும் அடித்தார்கள். அதற்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, வழக்கம்போல நான் விளக்குக்குக் கீழே, அத்தை எதிரே. நிச்சயப் புடவை என்ன நிறம் என்று பேசிக்கொண்டிருந்தாள். ஒரு காலை நீட்டியிருந்தாள். கண்ணாடி மூக்கில் வழுக்கினது. அத்தையின் கணுக்கால் உள்பக்கம், கொலுசுக்குச் சற்று மேலே, புளியங்கொட்டை அளவில் ஒன்று நீலமும் வெள்ளையுமாக எரிந்தது.

"அத்தை, கால்ல சோப்பு ஒட்டீட்டு இருக்குது பாருங்க" என்றேன்.

அத்தை சிரித்துக்கொண்டே முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தாள். போகவில்லை. எழுந்து போய்க் காலைக் கழுவிக்கொண்டு ஈரக் காலோடு வந்து உட்கார்ந்தாள். அது அப்படியே இருந்தது. அத்தையின் சிரிப்பு நின்றது. அவள் என் காலைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள், மறுபடி என் காலைப் பார்த்தாள்.

நேரம் ஆகிவிட்டது என்று விளக்கை அணைக்க அப்பா வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். ஆயிரம் கோனுக்கு நடுவே ஒரு கோனைக் கண்டுபிடிக்கிற கண் அது. ஒரு நொடிகூட ஆகியிருக்காது. கையை நீட்டி ஸ்விட்சை அணைத்தார். இருட்டில் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் குண்டு பல்பைப் போட்டார். மஞ்சள் வெளிச்சத்தில் அத்தையின் கால் எப்போதும் போல மாசு மறுவில்லாமல் சிவப்பாக இருந்தது.

"வெள்ளையடிச்ச சுண்ணாம்பு பட்டிருக்கும்" என்றார் அப்பா. யாரும் கேட்காமலே சொன்னார்.

எனக்கு அங்கேயே பிடித்தது சந்தேகம். சுண்ணாம்பு என்றால் புதிதாக அடித்த சுவர் நாலு பக்கமும் எரிந்திருக்க வேண்டாமா? சுவர் இருண்டு கிடந்தது. என் நோட்டிலும் சுண்ணாம்பு இல்லை என்றுதான் எழுதியிருந்தேன். இருந்தாலும் நான் தப்பாக எழுதியிருக்கலாமே என்று, மறுநாள் வெள்ளையடித்து மிச்சமிருந்த வாளியிலிருந்து கொஞ்சம் எடுத்து என் குதிகாலில் பூசிக்கொண்டு, காய விட்டு, சாயங்காலத்துக்காகக் காத்திருந்தேன். பள்ளிவிட்டு வந்து பார்த்தால் உள் அறையில் விளக்கு இல்லை. ஆணி அடித்த ரெண்டு ஓட்டைகள்தான் இருந்தன. அப்பா காலை ஷிப்டுக்கே அதைச் சாக்கில் சுற்றி எடுத்துப் போய்விட்டாராம்.

கொப்புளம் வந்துவிட்டது, பயமாக இருக்கிறது, அதனால் நிறுத்தியாயிற்று என்று அக்கம்பக்கத்தில் சொன்னார். கொப்புளம் வந்து ஆறி ரெண்டு மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு தினமும் அதே விளக்கைப் போட்ட கைதான் அது. பழுப்புப் புள்ளிகள் அப்போது பதினொன்று ஆகியிருந்தன. அப்படியே டாக்டரிடமாவது கூட்டிப் போயிருக்கலாம். கல்யாணம் முடியட்டும் என்றார். முடிந்த பிறகும் போகவில்லை. அந்த மருந்துத் தண்ணீர் பாட்டில் பாதி இருக்கும்போதே அலமாரியிலிருந்து காணாமல் போய்விட்டது.

விளக்கு போனதைவிட எனக்கு அழுகை தந்தது அத்தைதான். அன்று ராத்திரியிலிருந்து அவள் என்னைப் பக்கத்தில் போட்டுக்கொள்ளவில்லை. நான் போய் ஒட்டிக்கொண்டால், புழுக்கமா இருக்குது, அம்மாகிட்ட படுத்துக்க கண்ணு என்பாள். என் காலைப் பார்த்து அவளுக்கும் அருவருப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். பன்னிரண்டு வயதில் வேறென்ன தோன்றும்? பாவாடையைத் தரையில் புரளுகிற மாதிரி இறக்கிக் கட்டிக்கொள்ளப் பழகினேன்.

நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் தாயார் அதே கேள்வியை மறுபடி கேட்டார். ஊரில் யாரோ ஏதோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். இந்த முறை அப்பா முன்னைவிடச் சத்தமாகச் சொன்னார், சபைக்கே கேட்கிற மாதிரி. எங்க ரத்தத்துல அது இல்லவே இல்லீங்க, கட்டிட்டு வந்த இடம் அப்பிடி என்றார். அம்மா தாம்பாளம் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கல்யாணத்தில் அவள் தாம்பாளம் எடுக்க வேண்டாம் என்று அங்கேயே முடிவாயிற்று, பங்காளி வீட்டில் வேறு ஒருத்தி எடுத்தாள். நாத்தனார் கல்யாணத்தில் அண்ணி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள், மடியில் என்னை வைத்து என் காலைத் தன் முந்தானையால் மூடிக்கொண்டு.

முதல் தடவை தெரியாமல் சொன்னார். ரெண்டாவது தடவை தெரிந்தே சொன்னார். நடுவில் இருந்தது அந்த ஒரு சாயங்காலம். இதை நான் கோத்துப் பார்த்தது முப்பது வயதுக்கு மேல்தான். என் தோல் டாக்டர் இருட்டறையில் கைவிளக்கைப் பிடித்தபோது, என் கையில் அதே நீலமும் வெள்ளையும் எரிந்ததைப் பார்த்ததும் எனக்கு அத்தையின் கணுக்கால் ஞாபகம் வந்துவிட்டது. டாக்டரிடம் மில் ட்யூபைப் பற்றிச் சொன்னேன். அதற்கு அவ்வளவு சக்தி இருந்திருக்காது, மருந்தும் வெயிலும் வேலை செய்திருக்கலாம், விடாமல் முறையாகத் தொடர்ந்திருந்தால் நின்றிருக்கலாம், நிற்காமலும் போயிருக்கலாம் என்றார். யார் வழி வந்தது என்று கேட்பதே வீண் என்றும் சொன்னார். எனக்கும் அது இப்போது தெரியும். ஆனால் அந்த வீண் கேள்விக்குத்தான் எங்கள் வீட்டில் ஒரு மனுஷியை முப்பது வருஷம் பதில் சொல்ல வைத்தார்கள்.

என் உடம்பில் புதிதாக ஒரு வெள்ளை வரும்போதெல்லாம் அம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்பாள். நிஜமாகவே கையைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். வந்த வரன்கள் திரும்பிப் போனபோதும் கேட்டாள். "என்ற ரத்தம் உன்னைக் கெடுத்துப்போட்டுது கண்ணு" என்பாள். உண்மையை ஏன் அவளிடம் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். அப்பா உயிரோடு இருந்தார். அம்மா அவரை அப்படி மதித்தாள். என்னிடம் இருந்ததோ பன்னிரண்டு வயதில் வழுக்கின கண்ணாடிக்கு மேலே பார்த்த ஒரு புள்ளி. நானே பல நாள் என்னை நம்பவில்லை. இது சப்பைக்கட்டு என்றால் சப்பைக்கட்டுதான், ஒத்துக்கொள்கிறேன்.

அப்பா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. இடுப்பு எலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கையில் கிடந்தார். இப்போது அம்மா என்னோடுதான் இருக்கிறாள். போன மாதம் அத்தை, தன் மகனுக்குக் கல்யாணம் என்று பத்திரிகை வைக்க வந்தாள். நாங்கள் அவளைப் பார்த்து மூன்று வருஷம் இருக்கும். தாம்பூலத் தட்டை நீட்டின கைகளைப் பார்த்து அம்மா அப்படியே நின்றுவிட்டாள். ரெண்டு கையிலும் விரல் நுனி வரைக்கும் வெள்ளை. ஐம்பது தாண்டி வேகமாகப் பரவிவிட்டதாம்.

அம்மா அந்தக் கைகளை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்து அவள் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை.

"உனக்குமா அம்மணி? என்ற புள்ளையப் பக்கத்துல போட்டுத் தூங்க வெப்பியே, அதுல ஒட்டிருச்சாட்ட இருக்குது. என்ற ரத்தம் உன்னையும் கெடுத்துப்போட்டுதே. மனசுல வெச்சுக்காத தாயி."

அத்தை குனிந்துகொண்டாள். "உடுங்க நங்கையா. இது ஒட்டாதுன்னு டாக்டர் சொல்றாங்க" என்றாள். அண்ணியை அவள் எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவாள். அதற்கு மேல் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். குங்குமச் சிமிழைத் திறந்தாள், பத்திரிகை மூலையில் மஞ்சள் சரியாகப் பட்டிருக்கிறதா என்று பார்த்தாள். அம்மா இன்னும் அந்தக் கைகளைத் தடவிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அப்போது வந்த மாதிரிக் கோபம் என் வாழ்நாளில் வேறெப்போதும் வந்ததில்லை.

"அத்தை, நம்ம பழைய ஊட்டுல, லைட்டுக்குக் கீழ உங்க கால்ல இருந்ததை நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?" என்றேன்.

அத்தை நாற்காலியை விட்டு இறங்கி அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். அன்றைக்கே அப்பா அவளைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போய், கல்யாணம் நின்றுவிடும், உயிர் போனாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினாராம். குழந்தை சோப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டால் தூண்டித் துருவிக் கேட்கும் என்றாராம். கல்யாணமான புதிதில் ஒரு தடவை அண்ணனிடம், நங்கையாகிட்ட மட்டுமாச்சும் சொல்லீரலாமுங்க என்று கேட்டாளாம், அவர் முறைத்தாராம். அவள் அழுதாள். செத்துப்போனவர் மேல் எல்லாவற்றையும் போடுகிறாளோ என்று அப்போதும் எனக்கு ஒரு ஓரத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அம்மா அழுகையை நிறுத்தியிருந்தாள். "கண்ணாலத்துக்கு முந்தியே பாத்தீங்களா, ரெண்டு பேரும்?" என்று கேட்டாள்.

"ஆமாங்க."

"சபையில அவரு அப்பிடிச் சொன்னப்ப, அவருக்குத் தெரியும்?"

"தெரியுங்க நங்கையா."

அம்மா அத்தையைத் திட்டவில்லை. நீ அப்ப சின்னப்புள்ள, எந்திரி, தரை சில்லுன்னு இருக்குது என்றுகூடச் சொன்னாள். பத்திரிகையை எடுத்து, படிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். அப்புறம் யாரையும் பார்க்காமல் பேசினாள்.

"கடைசி மூணு மாசம் நாந்தான் அவருக்கு ஊட்டிவிட்டேன். காப்பிக்குச் சக்கரை பத்தலைன்னு சொன்னாரு. ஃபேனைக் கொறைன்னு சொன்னாரு. பேச்சு நல்லாத்தானே இருந்துச்சு அவருக்கு."